கடல் வேலை பார்க்கிற ஆளுக்கு வைட்டமின் டி வெறும் 11. இது எப்படி?

பாம்பன்கரை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 46, விசைப்படகில் டிரைவர். கொஞ்ச காலமாகவே இடுப்பிலும் தொடையிலும் உளைச்சல். ஓரிடத்தில் குத்துகிற வலி இல்லை, எலும்புக்குள்ளேயே கிடந்து வலிக்கிறது. வலை இழுத்த அலுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது சம்மணம் போட்டுச் சாப்பிட்டால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. படகிலிருந்து ஜெட்டிக்கு ஏறும்போது தொடையில் வலுவே இல்லை.

ராமநாதபுரத்தில் காட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வைட்டமின் டி 11 (ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு) என்றார்கள். 60,000 யூனிட் பொடி, வாரத்துக்கு ஒரு பாக்கெட் வீதம் எட்டு வாரம். கூடவே கால்சியம் மாத்திரை.

வீட்டில் யாருமே நம்பவில்லை. "பிறந்ததிலிருந்து வெயிலில் கிடக்கிறவனுக்கு வெயில் சத்து குறைவா? லேபில் மாற்றிக் கொடுத்திருப்பான்" என்கிறார் அண்ணன். கால்சியம் மாத்திரை எல்லாம் பொம்பளைகளுக்குத்தானே என்கிறார் மாமா. எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது நிஜமாகவே நடக்கக் கூடியதா? ஆண்களுக்கும் எலும்பு தேயுமா?

உச்சிப்புளி

அண்ணே, பாக்கெட் எல்லாம் வேண்டாம். தினமும் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் சட்டையைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் நடங்கள். இளவெயிலில் கிடைக்காத சத்தா மாத்திரையில் கிடைக்கப் போகிறது?

மண்டபம் மருத்துவர்

உச்சிப்புளி தம்பி, நடப்பது நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் ஆறு மணி வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. நம் ஊர்ப்பக்கம் பரவலாக இருக்கிற நம்பிக்கை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தோலில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டியாக மாறும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வர வேண்டியிருப்பதால் அந்தக் கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் இருக்கும், சூடும் இருக்கும், அந்தக் கதிர் மட்டும் இருக்காது. திருப்பதியில் நடந்த ஆய்வுகளில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் அதிகமாக உற்பத்தியாகிறது என்று கண்டார்கள். நாம் திருப்பதிக்கும் தெற்கே, ஒன்பது டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். வருடம் முழுக்க உச்சி வெயில் கிடைக்கும். ஒரு சுலபமான கணக்கு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்தில்தான் தோலில் வேலை நடக்கும்.

சரி, பாம்பன்கரை அண்ணன் உச்சி வெயிலிலும் கடலில்தானே இருக்கிறார்? அதற்கு முன் சில விஷயம் கேட்க வேண்டும். கடலுக்குப் போகும்போது என்ன உடுத்துவீர்கள்? படகை ஓட்டுகிற வீல் ஹவுஸ் அறைக்குள் இருப்பீர்களா, வெளியிலா? ராத்திரித் தொழிலா? வீசிங், வலிப்பு, டிபி எதற்காவது மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா? குடி, பீடி உண்டா?

பாம்பன்கரை

டாக்டர், பதில் சொன்னதற்கு நன்றி. காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை கரைக்கு வருவோம். பாதி வேலை ராத்திரியில்தான். பகலில் நான் பெரும்பாலும் வீல் ஹவுஸுக்குள், கண்ணாடிக்குப் பின்னால்தான் இருப்பேன். வெளியே வந்தாலும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன் மேல் தொப்பி. உப்புக்காற்றிலும் வெயிலிலும் தோல் வெடித்துவிடும் என்பதால் யாரும் வெற்றுடம்பாக நிற்பதில்லை. கரைக்கு வந்ததும் மீனை இறக்கிக் கணக்கை முடித்துவிட்டுப் பகல் முழுக்கத் தூக்கம். தடைக்கால 61 நாளும் வீட்டில்தான், இல்லாவிட்டால் கொட்டகை நிழலில் எஞ்சின் வேலை.

பீடி உண்டு. குடி விசேஷ நாளில் மட்டும். மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை. ஆனால் மாமாவுக்கு வீசிங் உண்டு. வருடக்கணக்காக ஏதோ ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

மண்டபம் மருத்துவர்

உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. துணியும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மீதி இருப்பது முகமும் புறங்கையும்தான். கறுத்த தோலில் மெலனின் என்கிற நிறமி அதிகம் என்பதால் அதே அளவு வைட்டமின் உண்டாக வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வேண்டும். ஆகவே 11 என்பது நடக்கக் கூடிய அளவுதான், லேப் தவறாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மாமா விஷயம் எனக்கு உங்களுடையதைவிடக் கவலையாக இருக்கிறது. அந்த மாத்திரை அட்டையைப் படித்துப் பெயரைப் போடுங்கள்.

கீழக்கரை பாய்

நானும் சொல்ல வேண்டும். பல வருடம் துபாயில் கடை வேலை. அத்தனை வெயில் அடிக்கிற ஊரில் எனக்கும் என் அறையில் இருந்த பாதிப் பேருக்கும் வைட்டமின் டி குறைவு. ஏசி அறை, ஏசி பஸ், ஏசி கடை. வெளி வேலைக்காரர்களுக்கும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை கூடாது என்று சட்டம். உயிரைக் காக்கிற நல்ல சட்டம்தான். ஆனால் வெயில் ஊரில் இருக்கிறோம் என்பது வேறு, தோலில் வெயில் படுவது வேறு. எங்கள் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஆண்களில் முதுகுவலி இல்லாத ஆள் அபூர்வம். எல்லாரும் "டிஸ்க்" என்று சொல்லிக்கொண்டு பெல்ட் போட்டு அலைகிறார்கள். இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்தவர் யாரும் இல்லை.

தொண்டி மருந்துக்கடை

மருந்தாளுநராக இருக்கிறேன், தினமும் பார்க்கிற விஷயத்தைச் சொல்கிறேன். பாம்பன்கரை அண்ணே, அந்தப் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று. தினமும் இல்லை. இதை வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் சொல்லி, அட்டைப்பெட்டி மேல் கிழமையை எழுதி வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒருவர் கால்சியம் மாத்திரை மாதிரி இதையும் தினமும் பாலில் கலக்கிக் குடித்துவிட்டார். சீட்டில் எழுதியது அவருக்குப் புரியவில்லை, கடையிலும் யாரும் சொல்லவில்லை. ஓயாத வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், நிமிடத்துக்கு ஒருதரம் சிறுநீர். கடைசியில் ஆள் பேச்சே குழறிப்போய் மதுரைக்குக் கொண்டு போனார்கள். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. சிறுநீரகம் கெட்டுப் பிழைத்து வந்தார். வைட்டமின் சி மாதிரி அதிகமானது சிறுநீரில் போய்விடாது. இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், உடம்பில் தங்கிவிடும்.

பெரியவர்கள் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் நாள்தோறும் எடுக்கக் கூடிய உச்ச அளவு 4,000 யூனிட். ஒரு பாக்கெட் அதைப்போல் 15 மடங்கு. வாரத்துக்கு ஒன்று என்று குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் பிரச்சினை இல்லை என்பதால்தான் எழுதுகிறார்கள். ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்றும் இருக்கிறது, "ஒரே ஊசியில் முடித்துவிடலாம்" என்று கேட்டு வருவார்கள். பாக்கெட்டும் சாப்பிட்டுக்கொண்டு ஊசியும் போட்டவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து குடியுங்கள். கொழுப்பு கூட இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும்.

பனைக்குளம் ஆசிரியர்

இழையில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதாகத் தெரிகிறது, மறுபக்கத்தையும் வைக்கிறேன். வைட்டமின் டி பரிசோதனை இன்று பெரிய வியாபாரம். "முழு உடல் பரிசோதனை" பேக்கேஜ் எடுத்தால் முக்கால்வாசிப் பேருக்குக் குறைவு என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் குறைவு என்பதிலேயே நிபுணர்களுக்குள் சண்டை. அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' 20 இருந்தால் எலும்புக்குப் போதும் என்றது. நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களின் சங்கம் 2011இல் 30 வேண்டும் என்றது. அதே சங்கம் 2024இல் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டு, இப்படி ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்வதை இனி ஆதரிக்கவில்லை, நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 22, 25 என்று வந்தவர்கள் எல்லாரும் நோயாளி ஆக்கப்பட்டார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து வைட்டல் என்று ஒரு பெரிய ஆய்வு. பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு உடைவதும் கூடியது. அப்படியிருக்க எதற்கு இந்தப் பாக்கெட் மோகம்?

மண்டபம் மருத்துவர்

ஆசிரியர் சொன்ன தகவல்கள் அத்தனையும் சரி. அவர் எழுதியதற்காக மகிழ்கிறேன். ஆனால் பாம்பன்கரை அண்ணனுக்கு அவை பொருந்தாது, காரணத்தைச் சொல்கிறேன்.

வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்கள் பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தேவையான அளவு ஏற்கெனவே இருந்தது. இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் பயனில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்னது. இங்கே அளவு 11, கூடவே எலும்புக்குள் வலி, தரையிலிருந்து எழ முடியாத தொடை. இது வேறு கதை.

எலும்புக் கோளாறில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எலும்பின் அளவே குறைந்து உள்ளே சல்லடையாகப் போவது எலும்புப்புரை. அது வலிக்காது, உடைகிறபோதுதான் தெரியும். எலும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்புச் சத்து ஏறாமல் மெத்தென்று இருக்கும் என்றால் அது எலும்பு மென்மை நோய் (ஆஸ்டியோமலேசியா). குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ் என்று கால் வளைகிறதே, அதே நோய் பெரியவர்களுக்கு வருவது. இதில் வலி இருக்கும், இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் தசை வலுவிழக்கும், நடை வாத்து மாதிரி ஆகும். வைட்டமின் டி கொடுத்தால் நன்றாகக் குணமாகிற நோய் இது. வைட்டமின் இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைந்துபோகிறது. ரத்தத்தில் கால்சியம் தாழக் கூடாது என்பதற்காகக் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன. சேமிப்பை எடுத்து அன்றாடச் செலவு பண்ணுவது மாதிரி.

ஆகவே அண்ணே, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் (இந்த எலும்பு நோயில் கூடுகிற நொதி), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் பாராதைராய்டு ஹார்மோனும். வைட்டமின் எண் மட்டும் போதாது.

பனைக்குளம் ஆசிரியர்

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். வலியோடு வருகிறவரையும் பேக்கேஜ் எடுத்துப் பயப்படுகிறவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

பாம்பன்கரை

மாமாவின் மாத்திரை அட்டை கிடைத்தது. பிரட்னிசலோன் 10 மில்லிகிராம். கேட்டால் "அதைப் போட்டால்தான் மூச்சு விட முடிகிறது, நான்கைந்து வருடமாகப் போடுகிறேன்" என்கிறார். வயது 63. போன வருடம் முற்றத்தில் வழுக்கி உட்கார்ந்ததில் முதுகெலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டிருந்தார்.

ராமநாதபுரம் பிசியோ

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எலும்பு முறிவுக்குப் பிந்தைய பயிற்சி கொடுப்பவள்.

அண்ணா, அந்த மாத்திரை ஸ்டீராய்டு. மூன்று மாதத்துக்கு மேல் தினமும் போட்டாலே எலும்பு அரிக்கத் தொடங்கும். முதுகெலும்புதான் முதலில் போகும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்தால் அது எலும்புப்புரை என்றே எடுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். உங்கள் மாமாவுக்குக் கட்டுப் போட்டதோடு விட்டிருக்கிறார்கள். பெண்ணாக இருந்திருந்தால் யாராவது ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஆண் என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. இந்த வேலையில் எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் இதுதான்.

உலக அளவில் இடுப்பு எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஆண்களுக்கு வருகிறது. முறிந்தபின் ஒரு வருடத்துக்குள் இறப்பது பெண்களைவிட ஆண்களில் அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் எலும்பு சட்டென்று குறைவதால் அவர்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறது, ஆண்களுக்கு மெதுவாகக் குறைவதால் பேச்சே இல்லை. ஆண்களில் தேடிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்: ஸ்டீராய்டு, குடி, புகை, ஆண் ஹார்மோன் குறைவு, தைராய்டு அதிகம், வலிப்பு மாத்திரை.

ஆனால் ஒன்று. மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டவர் திடீரென்று விட்டால் உடம்பு சொந்தமாகச் சுரக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சக மருத்துவரிடம் காட்டி இன்ஹேலருக்கு மாற்றிக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும். கையோடு எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன். மதுரையில் எடுக்கலாம். அதில் டி ஸ்கோர் (T-score, வைட்டமின் டி இல்லை) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை.

தங்கச்சிமடம்

எங்கள் வீட்டுக்காரரும் கடல்தான் அண்ணே. சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மீன்காரர் வீட்டில் தினமும் மீன்தானே, சத்துக்கு என்ன குறைச்சல் என்று நானும் நினைத்திருந்தேன். இறாலும் நண்டும் கணவாயும் கம்பெனிக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது கழிவு மீன், அதையும் கடுகடுவென்று பொரித்துவிடுகிறோம். வைட்டமின் டி எந்த மீனில் அதிகம், டாக்டர்?

மண்டபம் மருத்துவர்

அக்கா, விலை போகாத மீனில்தான் அதிகம். சாளை, சூடை, கும்பளா மாதிரி கொழுப்புள்ள மீன். இறாலிலும் நண்டிலும் ரொம்பக் குறைவு. பொரித்தால் வைட்டமின் கணிசமாகப் போய்விடும், குழம்பாக வையுங்கள். சூடை, நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும். கருவாட்டிலும் கால்சியம் உண்டு, ஆனால் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்புக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் சொன்னபடி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வைட்டமின் டி 600 யூனிட், கால்சியம் 1,000 மில்லிகிராம் வேண்டும். முட்டை மஞ்சள் கருவில் கிடைப்பது சுமார் 40 யூனிட்தான். 11இல் இருக்கிறவர் சாப்பாட்டாலேயே ஏற்றிவிட முடியாது, முதலில் மருந்து வேண்டும். பிறகு இறங்காமல் பிடித்து வைக்கச் சாப்பாடும் வெயிலும் உதவும். கால்சியத்துக்குக் கேழ்வரகுதான் நம் சொத்து, நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கூழாகப் புளிக்க வைத்துக் குடித்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, எள்ளு, தயிர் எல்லாம் கணக்கில் சேர்த்தி.

வாலிநோக்கம்

உப்பளத்தில் வேலை. எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. முட்டிவலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் பாக்கெட்டில் இரண்டைக் கொடுத்தார். சாப்பிடலாமா?

தொண்டி மருந்துக்கடை

வேண்டாம் தம்பி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல் வந்தவர் ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியம் பார்க்காமல் இதைத் தொடக் கூடாது. உப்பளத்தில் தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியாவதே கல்லுக்குக் காரணமாக இருக்கலாம். முட்டிவலிக்குத் தேய்மானம் உட்பட நூறு காரணம் உண்டு, இந்தப் பொடி வலி மருந்து இல்லை.

உச்சிப்புளி

அப்படியானால் உச்சி வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பது? எங்கள் அப்பா பனையேறி, நாள் முழுக்க வெற்றுடம்பில் வெயிலில் இருந்தவர், அவருக்கு இந்த வியாதி வரவில்லை.

மண்டபம் மருத்துவர்

உங்கள் அப்பா சரியான உதாரணம் தம்பி. முதுகும் நெஞ்சும் கையும் வெயிலில் பட்டிருக்கின்றன, ஏறி இறங்கியதில் எலும்புக்கும் தசைக்கும் பாரம் கிடைத்திருக்கிறது. எலும்பு பாரம் தாங்கினால்தான் வலுக்கும்.

மற்றவர்கள் நாள் முழுக்க நிற்க வேண்டாம். கையும் காலும் முதுகும் படும்படி இருபது முப்பது நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள். தோல் எரிகிற அளவுக்கு வேண்டாம். சித்திரை வைகாசியில் கத்திரி வெயில் தலைக்கேறும், அப்போது 11 மணிக்கு முன்னதாகவே முடித்துவிடுங்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் வெயிலால் வைட்டமின் டி நஞ்சாகாது, ஒரு அளவுக்கு மேல் தோலே அதைச் சிதைத்துவிடும். வயதாக ஆகத் தோலின் திறன் குறையும் என்பதால் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வெயிலை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

பாம்பன்கரை

எட்டு வாரக் கணக்கு முடிந்து, மூன்றாம் மாதம் மறுபடி பரிசோதனை எடுத்தேன். வைட்டமின் டி 34. முதலில் அல்கலைன் பாஸ்படேஸ் கூடுதலாக இருந்ததாம், இப்போது இறங்கி வருகிறது என்றார்கள், கால்சியம் சரியான அளவில் இருக்கிறது. தொடை வலு திரும்பிவிட்டது, கை ஊன்றாமல் எழுகிறேன். இடுப்பு உளைச்சல் முழுக்கப் போகவில்லை. அதற்கு இன்னும் சில மாதம் ஆகும், எலும்பில் சுண்ணாம்பு ஏற நாள் பிடிக்கும் என்கிறார்கள். இனி மாதத்துக்கு ஒரு பாக்கெட். பீடியைக் குறைத்திருக்கிறேன், விடவில்லை.

மாமாவுக்கு மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் மைனஸ் 3.4. இன்ஹேலர் கொடுத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற ஊசி ஒன்று போட வேண்டுமாம், ஜோலட்ரோனிக் ஆசிட். ஆனால் அவருக்கும் வைட்டமின் டி 14தான், அதைச் சரிசெய்யாமல் போட மாட்டோம் என்கிறார்கள். ஏன் காக்க வேண்டும், தாமதம் ஆகாதா என்று அத்தை கேட்கிறார்.

மண்டபம் மருத்துவர்

காப்பதுதான் சரி. அந்த ஊசி எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, கை கால் இழுத்துக்கொள்ளலாம், இதயத் துடிப்பும் கெடலாம். சில வாரம் பொறுப்பதால் நஷ்டமில்லை. போடுவதற்கு முன் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள், பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். முற்றத்தில் பாசி பிடித்த இடத்தைத் தேய்த்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்று அடித்துக் கொடுங்கள்.

பாம்பன்கரை

கம்பி நாளைக்கே அடித்துவிடுகிறேன் டாக்டர். பல் இரண்டு ஆடுகிறது, வரும் வாரம் கூட்டிப்போகிறேன்.